அறிவுரைக்கு முன் செவிமடுப்போம்



பௌர்ணமிதோறும் நம் திருவண்ணாமலையில் மலையை வலம்வரும் பெருங்கூட்டத்தில் மனச்சுமையோடு நடப்பவர்களும் உண்டு. மனம் நொந்தால் மருத்துவரைத் தேடுமுன் கோவில், தர்கா, திருத்தலம் என்று போவது மதம் கடந்த வழக்கம். அதில் ஆறுதல் உண்டு; ஆபத்தும் உண்டு. 2001 ஆகஸ்டு 6 அன்று, ஏர்வாடி தர்காவை நம்பி வந்து, அங்குள்ள தனியார் விடுதியில் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் தீயில் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் இப்படிச் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது.

ஆனால் சட்டம் வந்ததால் மருத்துவர்கள் பெருகிவிடவில்லை. பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 விழுக்காட்டினருக்குச் சிகிச்சையே கிட்டவில்லை. அப்படியானால் சாதாரண மக்கள் உதவமுடியுமா? முடியும். சென்னையில் 1986 முதல் இயங்கும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தில் செவிமடுப்பவர்கள் பயிற்சி பெற்ற தன்னார்வலர்களே. கோவாவில் சங்காத் அமைப்பு, மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர்வாசிகளைப் பயிற்றுவித்தது. அவர்களோடு ஆறு முதல் எட்டு முறை அமர்ந்து பேசியவர்களின் மனச்சோர்வு, வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட நன்றாகக் குறைந்ததாக 2017இல் வெளியான ஆய்வு காட்டியது.

அவர்கள் கற்றதில் கடினமானது, வாயை அடக்குவதுதான். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் உடன் அமர்ந்திருந்தவரை நல்ல நண்பர்கள். பேசத் தொடங்கியபின்தான் தொல்லை. நம் அன்பியங்களிலும் ஒரு தாய், "வாழவே பிடிக்கவில்லை" என்றால், "பிள்ளைகளுக்காகப் பொறுத்துக்கொள்ளம்மா, ஜெபமாலை சொல்" என்கிறோம். அத்தோடு அவர் பேச்சு நின்றுவிடும். "சாகவேண்டும் என்று தோன்றுகிறதா அம்மா?" என்று கனிவாக, நேராகக் கேட்கவேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் தூண்டப்படும் என்ற அச்சத்திற்கு ஆய்வுகளில் ஆதாரமில்லை. "ஆம்" என்றால் அவரைத் தனியே விடக்கூடாது. வீட்டிலுள்ள பூச்சிமருந்தை அப்புறப்படுத்தி, அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு உடன் சென்று ஒப்படைக்கவேண்டும். 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் அழைக்கலாம்.

இரகசியம் பற்றியும் ஒரு சொல். ஒப்புரவு அருட்சாதனத்தின் இரகசியம் எதற்காகவும் உடைக்கப்படாது. ஆற்றுப்படுத்துபவர் காக்கும் இரகசியம் அப்படியல்ல. உயிருக்கு ஆபத்தென்றால் குடும்பத்தாரிடமோ மருத்துவரிடமோ சொல்லியாகவேண்டும். இதை முதல் சந்திப்பிலேயே தெரிவித்துவிடுவது நேர்மை.

இரண்டு நாள் வகுப்பில் சான்றிதழ் வாங்கி வாசலில் பலகை மாட்டுவோரும் இருக்கிறார்கள்! கோவாவில் அப்படி விடவில்லை. ஒவ்வொருவரின் உரையாடல் பதிவையும் சக பணியாளர்கள் கேட்டு மதிப்பிட்டார்கள், வல்லுநர் வழிநடத்தினார். வீடு சந்திக்கும் நம் வின்சென்ட் தே பவுல் சபையினருக்குப் பயிற்சி தொடங்குவதானால், மாதம் ஒருமுறை வந்து அவர்களைக் கேட்டுத் திருத்தும் மனநல மருத்துவர் ஒருவரை முதலில் தேடிக்கொள்ளவேண்டும்.