ஓரத்தைப் பார்த்துத் துணி வாங்குங்கள்!

புதுச்சேரி காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைதோறும் சந்தை கூடுகிறது. துணிமணிகள் குவிந்து கிடக்கின்றன. துடைக்கும் துணி வாங்க வருகிறவர்கள் நிறத்தைப் பார்க்கிறார்கள். விலையைக் கேட்கிறார்கள். ஓரத்தைப் பார்ப்பவர்கள் மிகச் சிலரே!

இப்போது எங்கும் 'மைக்ரோபைபர்' துணி விற்கிறது. தொட்டால் பூப்போல இருக்கிறது. ஆனால் அது பருத்தி அல்ல. பெரும்பாலும் பாலியஸ்டரும் நைலானும் கலந்தது. அதாவது, பிளாஸ்டிக் இழை. தலைமயிரைவிடப் பல மடங்கு மெல்லியது. அதன் இடுக்கில் தூசி சிக்கிக்கொள்ளும். கண்ணாடி துடைக்க அது நல்ல துணிதான். அதை யாரும் மறுக்க வேண்டாம்.

அடுப்படிக்கு ஆகாது

ஆனால், அதையே கரித்துணி ஆக்கக் கூடாது. தீ பட்டால் பருத்தி கருகும், உருகாது. பிளாஸ்டிக் இழையோ உருகும். உருகிக் கையில் ஒட்டிக்கொள்ளும். புண் ஆழமாகிவிடும். சூடான பாத்திரத்தை இறக்கத் தடித்த பருத்தித் துணியே நல்லது.

இன்னொன்றும் உண்டு. துவைக்கும்போது இழைகள் உதிர்கின்றன. சாக்கடை வழியாகக் கடலில் சேர்கின்றன. பருத்தி மக்கிப்போகும். பிளாஸ்டிக் எளிதில் மக்காது. மீன் வயிற்றுக்குள் போகும். கடலோர ஊர் இதை நினைத்துப் பார்க்க வேண்டாமா?

துணியின் உயிர் ஓரத்தில்

நாடா ஓடும் தறியில், ஊடை நூல் திரும்பி வரும் பக்கம் கரை. அது பிரியாது. கத்தரியால் வெட்டிய பக்கம் பிரியும். அதை இரண்டு முறை மடித்துத் தைத்திருக்க வேண்டும். மடிக்காமல் ஓரத்தைச் சுற்றித் தைப்பது 'ஓவர்லாக்'. தையல் நெருக்கமாக இருந்தால் அதுவும் போதும். தையல் அகலமாக இருந்தால், நாலு துவைப்பில் நூல் தொங்கும். விரலால் இழுத்துப் பாருங்கள், தெரிந்துவிடும்.

புதுச்சேரிக்குத் துணி புதிதல்ல. பிரெஞ்சுக்காரர் காலத்தில் இங்கிருந்து நீலத் துணி ஆப்பிரிக்காவின் செனகல் நாட்டுக்குக் கப்பலேறியது. 1898-ல் தொடங்கிய ஆங்கிலோ பிரெஞ்சு ஆலை பல ஆயிரம் குடும்பங்களுக்குச் சோறு போட்டது. 2020-ல் அது மூடப்பட்டது. ஆலை போனது போகட்டும். நல்ல துணியை அறியும் கண்ணும் போகலாமா?

கண்ணாடிக்கு மைக்ரோபைபர், அடுப்படிக்குப் பருத்தி. வீட்டில் பழைய வேட்டி இருந்தால் காசே வேண்டாம். நாலாகக் கிழித்து, ஓரம் மடித்துத் தையுங்கள். அதுவே நல்ல துடைதுணி!