பிளாஸ்டிக் கட்டையும் பிற்பகல் வெயிலும்

பழைய பிளாஸ்டிக்கை உருக்கி இரயில் பாதைக்குச் சிலீப்பர் கட்டை வார்க்கிறார்கள் என்றதும் நம்மில் பலர் கை தட்டுகிறோம். மரம் பிழைக்கிறது, கரையான் அரிக்காது, மழையில் மக்காது. நான் மறுக்கவில்லை. ஆனால் வெயிலையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

உஷ்ணத்தால் தண்டவாளம் நீளும் என்று பள்ளியிலேயே படித்தோம். கட்டையும் நீளும்! மரத்தில் அது அற்பம். இக்கட்டைகளில் பெரும்பங்கு வகிக்கும் பாலிஎத்திலீனோ எஃகைப்போலப் பத்து மடங்கு விரியக்கூடியது. கண்ணாடி இழை கலந்தால் குறையும், அற்றுப்போகாது. டிகிரிக்குப் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றே வைத்துக்கொள்வோம். இக்கட்டைகளை 1990களில் பியூப்ளோ சோதனைப் பாதையில் பதித்துப் பாரவண்டிகளை ஓட்டிப் பார்த்த அமெரிக்காவில் பாதையின் அகலம் 1435 மில்லிமீட்டர். விடியலுக்கும் பிற்பகலுக்கும் இடையே கட்டையின் சூடு 30 டிகிரி செல்சியஸ் ஏறினால் அந்த அகலம் 4 மில்லிமீட்டருக்கு மேல் கூடிவிடும். மேற்புறம் அதிகம் சுடுவதால் கட்டை சற்றே வில்லாக வளைவதும் உண்டு. சூட்டில் பிளாஸ்டிக் இளகும்; ஆணியின் பிடியும் தளரும்.

அதே வேளையில்தான், மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள பற்றவைத்த நீண்ட தண்டவாளம், பொருத்திய நேரத்துச் சூட்டைவிட 30 டிகிரி ஏறினால், நீள வழியின்றி 50 டன்னுக்கு மேல் நெருக்குண்டு பக்கவாட்டில் பிதுங்கப் பார்க்கிறது. அதைப் பிடித்து நிறுத்த வேண்டியவை கட்டையும் ஜல்லியும்தாம். வழவழப்பான பிளாஸ்டிக் ஜல்லியில் வழுக்கும் என்றுதான் அதன் பக்கங்களில் சொரசொரப்பான வடிவம் பதிக்கிறார்கள்.

ஆகவே எத்தனை டன் தாங்கியது என்பதோடு, எந்த வேளையில் அளந்தார்கள் என்றும் நாம் கேட்க வேண்டும். வெயில் கொளுத்தும் ஊர்களில் காலையிலும் பிற்பகலிலும் அகலம் அளந்து, ஓராண்டுக் கணக்கைக் காட்டட்டும். அதுவரை விரைவு வண்டி ஓடும் வளைவுகளில் கான்கிரீட் கட்டையே இருக்கட்டும். யார்டுகளிலும் வண்டி ஊர்ந்து செல்லும் பாதைகளிலும் பிளாஸ்டிக் தாராளமாக உழைக்கட்டும்.