கடன் கொப்பியும் கிளினிக் கொப்பியும்

எங்கள் புடவைக் கடையில் கடன் கொப்பியைப் பார்ப்பது நான்தான். தவணை முடிந்து பத்து நாளாகியும் ஒருவர் வராவிட்டால் அவர் பெயர் என் கண்ணில் பட்டுவிடும். உடனே தொலைபேசியை எடுத்து, "என்ன ஹாஜியார், இந்தப் பக்கம் காணவே இல்லையே?" என்று கேட்பேன். அந்த ஒரு கேள்வியில்தான் எங்கள் வியாபாரம் நிற்கிறது.

என் பங்காளியான மூத்த காக்காவுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் இருந்தன. அரசாங்க வைத்தியசாலையொன்றில் மாதாந்தக் கிளினிக்குக்குப் போய் வந்தார். பெருநாள் சீசனில் ஒரு தடவை தவறியது. அடுத்த மாதம் சரக்கெடுக்கக் கொழும்புக்குப் போனார். பிறகு, "உடம்பு நல்லாத்தானே இருக்கு" என்று விட்டுவிட்டார். இப்படி 7 மாதங்கள். எங்கிருந்தும் ஓர் அழைப்பு வரவில்லை. எட்டாவது மாதம் பாரிசவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. இன்று அவர் கடைக்கு வருவதில்லை.

வைத்தியரையும் தாதியரையும் நான் குறை சொல்லமாட்டேன். வந்து நிற்கும் கூட்டத்தைப் பார்க்கவே அவர்களுக்கு நேரம் போதாது. குறை முறையில் இருக்கிறது. கிளினிக் கொப்பி நோயாளியின் கையில் இருக்கிறது. நோயாளி வராவிட்டால் கொப்பியும் வராது. கடன் கொப்பியைக் கடன்காரரிடமே கொடுத்தனுப்பும் கடை எத்தனை நாள் நடக்கும்?

வைத்தியசாலைக்குக் கணினி வேண்டும் என்று எல்லோரும் பேசுகிறோம். பழைய கொப்பியில் இருப்பதைத் திரையில் காட்டுவது மட்டுமே கணினியின் வேலையென்றால் அதனால் பெரிய பிரயோசனமில்லை. நீண்டகால நோய்களுக்கு அது செய்யவேண்டிய முதல் வேலை, வரவேண்டிய நாளில் வராதவர்களின் பட்டியலைத் தருவதுதான்.

இது நடக்காத காரியமல்ல. இந்தியாவில் 2017 இல் உயர் இரத்த அழுத்தக் கட்டுப்பாட்டுத் திட்டமொன்று ஆரம்பிக்கப்பட்டது. அங்கு பல மாநிலங்களில் 'சிம்பிள்' என்ற செயலியைப் பயன்படுத்துகிறார்கள். நோயாளியின் அட்டையிலுள்ள குறியீட்டைத் தாதி தன் கையடக்கத் தொலைபேசியில் காட்டி, அன்றைய பிரஷரையும் மருந்தையும் பதிகிறார். திகதி கடந்தும் வராதவர்களின் பெயர்களை அந்தச் செயலியே வரிசைப்படுத்துகிறது. தாதி அழைத்துக் கேட்கிறார். பங்களாதேஷிலும் இதே செயலி பாவனையில் உள்ளது. இதற்குக் குளிரூட்டிய கணினி அறை தேவையில்லை.

சீனிக்கும் இதே கதைதான். ஒரு நாள் இரத்தப் பரிசோதனை, அன்றைய லாச்சிக் காசைப் பார்ப்பது போன்றது. எச்பிஏ1சி பரிசோதனை சுமார் மூன்று மாதக் கணக்கு. அந்தக் கணக்குகள் ஒரே இடத்தில் வரிசையாக இருந்தால்தான் நோய் ஏறுகிறதா இறங்குகிறதா என்று வைத்தியருக்குத் தெரியும்.

"நம் வருத்தம் ஊருக்குத் தெரிந்துவிடுமே" என்று சிலர் பயப்படுவர். நியாயமான பயம். கடன் கொடுப்பவர் முதல் சம்பந்தம் பேசுபவர் வரை காது நீளமானது. நமது நாட்டில் 2022 இல் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. பதிவை யார் பார்க்கலாம், யார் பார்க்கக் கூடாது என்பதை ஒவ்வொரு வைத்தியசாலையும் முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பயத்துக்காகப் பதிவே வேண்டாம் என்பது, கள்ளனுக்குப் பயந்து கடையே திறக்காமல் இருப்பது போலாகும்.

நமது வர்த்தகர்கள் வைத்தியசாலைகளுக்கு டயலிசிஸ் இயந்திரங்கள் வாங்கிக் கொடுக்கிறார்கள். பாராட்டவேண்டிய காரியம். ஆனால் அது சிறுநீரகம் பழுதான பிறகு கொடுக்கும் உதவி. அதற்கு முன்னரே உதவ ஒரு தொலைபேசியும், மாதாந்தக் கட்டணமும், அழைத்துக் கேட்க ஓர் ஆளும் போதும். அடுத்த முறை வைத்தியசாலை அபிவிருத்திக் குழுவில் அமரும்போது, "வராதவர்களின் பட்டியல் உங்களிடம் இருக்கிறதா?" என்று கேளுங்கள். கடையில் வேலை செய்பவர்களின் கிளினிக் திகதியை எழுதிவைத்து, அன்று சம்பளம் வெட்டாமல் அனுப்புங்கள்.

சில ஆயிரம் ரூபா பாக்கிக்காக எத்தனையோ பேரைத் தேடி அழைத்திருக்கிறேன். பக்கத்துக் கதிரையில் இருந்த காக்காவிடம் மட்டும், "இந்த மாதம் கிளினிக்குக்குப் போனீங்களா?" என்று ஒரு நாளும் கேட்கவில்லை. அந்த நிலுவையை இனி நான் எந்தக் கொப்பியில் தீர்ப்பது?