மன்றாட வைத்தவர்கள்

பொய்யை நீக்க வேண்டாம், அதற்கு எதிராக மெய்யைப் பேசினால் போதும் என்று சமூக வலைத்தள முதலாளிகளும் அவர்தம் அன்பர்களும் நமக்கு உபதேசிக்கிறார்கள். இலக்கியம் பயின்ற நமக்கு இதில் ஐயம் உண்டு.

1903இல் ருஷ்ய நாளிதழ் ஒன்றில் 'சீயோன் மூத்தோரின் நெறிமுறைகள்' வெளிவந்தது. யூதர்கள் உலகை ஆளச் சதி செய்கிறார்கள் என்பது அதன் சாரம். மூன்றாம் நெப்போலியனைச் சாடி மாரிஸ் ஜோலி 1864இல் எழுதிய நூலிலிருந்து அது திருடப்பட்டது என்பதை லண்டன் 'டைம்ஸ்' நிருபர் பிலிப் கிரேவ்ஸ் 1921இல் பத்தி பத்தியாக ஒப்பிட்டு நிறுவினார். பாட ஆராய்ச்சியில் இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. பயன்? நாஜிக் கட்சி அதன் பின்னரும் அதைப் பதிப்பித்துக்கொண்டே இருந்தது.

மெய்யைச் சொல்வது முதல் வேலைதான். ஆனால் பொய்யை வீடுவீடாகக் கொண்டு சேர்ப்பவனை யார் கேட்பது?

2018 ஜூலையில் மார்க் ஸக்கர்பெர்க், தாமும் யூதரே எனினும் யூதப் படுகொலையை மறுக்கும் பதிவுகளை நீக்கப்போவதில்லை என்றார். அவ்வாண்டு அக்டோபர் 27 அன்று பிட்ஸ்பர்க் தொழுகைக்கூடத்தில் 11 பேர் சுட்டுக் கொல்லப்பட்டனர். கொலையாளி வெறுப்பை எழுதி வந்தது 'கேப்' என்னும் வேறொரு தளத்தில். எனினும் எழுத்துக்கும் துப்பாக்கிக்கும் உள்ள தொலைவு எவ்வளவு என்பது அன்று தெரிந்தது. 2020 கோடையில் முகாம்களில் உற்றாரைப் பறிகொடுத்த முதியோர், நாளொருவராகக் காணொளியில் தோன்றி அப்பதிவுகளை நீக்குமாறு அவரிடம் மன்றாடினர். அக்டோபர் 12 அன்று பேஸ்புக் இறங்கி வந்தது. இதை இணையப் போராட்டத்தின் வெற்றி என்கிறார்கள், வெற்றிதான். தொண்ணூறு வயதில் தம் தாய் கொல்லப்பட்டதை நம்பச் சொல்லி ஒரு நிறுவனத்தின் வாசலில் நிற்க நேர்ந்ததை நம்மால் கொண்டாட இயலவில்லை.

நம் பக்கத்தாரிடமும் ஒரு குறை உண்டு. கண்டிக்கிறேன் பேர்வழி என்று நச்சுப் படத்தை அப்படியே மறுபகிர்வு செய்பவர்கள் அதற்குச் சம்பளமில்லாத தூதர்கள். ஸ்வீடனில் 2016இல் மினா டென்னர்ட் தொடங்கிய குழுவினர் வேறு வழி கண்டனர்: வெறுப்பு மிகுந்த விவாதங்களுக்குள் கூட்டாகச் சென்று, நிதானமான மறுமொழிகளை எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் விரும்பி மேலேற்றினர். இஸ்ரேல் அரசைக் கண்டிப்பவரையெல்லாம் யூத வெறுப்பாளர் என முத்திரை குத்துவோரும் இப்பணியைக் கெடுக்கிறார்கள். அவ்வரசின் செயலுக்குப் பாரிஸில் கடை வைத்திருக்கும் யூதரைப் பழிப்போருக்கு அது வசதியாகிறது.

2025 ஜனவரியில் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டா, கடுங்குற்றங்களை மட்டும் தானியங்கி முறையில் தேடுவோம், மற்றவற்றை எவரேனும் புகார் செய்தால் பார்ப்போம் என்று அறிவித்தது. அந்தப் புகாரை எழுதப்போவது மீண்டும் அதே முதியோரும் அவர்தம் பேரப்பிள்ளைகளும்தான்.