இலைக்கென ஒரு தோட்டம்

உணவுப் பண்டங்களைக் கட்டிக் கொடுப்பதற்கு எதை உபயோகிப்பது என்னும் பிரச்னை இப்பொழுது கடைக்காரர்களை வருத்துகின்றது. ஒரு முறை உபயோகித்து எறியும் பிளாஸ்டிக் சாமான்கள் 2019ஆம் வருஷம் ஜனவரி 1ந் தேதி முதல் இம்மாநிலத்தில் விலக்கப்பட்டன. பிளாஸ்டிக் பூசிய காகிதத் தட்டும் குவளையும் அவற்றுள் அடங்கும். செய்தித்தாளில் பலகாரம் மடிப்பதையும் மத்திய சர்க்காரின் 2018ஆம் வருஷத்து விதிகள் தடுக்கின்றன. எஞ்சியது பூச்சற்ற புதுக் காகிதமே. அதற்கோ மூலப்பொருள் எக்காலத்தும் தாராளமாய்க் கிடைப்பதில்லை. 2021ஆம் வருஷத்தில் கழிவுக் காகிதம் விலையேறியதால் அட்டைப்பெட்டி செய்வோர் பெரிதும் இடர்ப்பட்டனர். கரும்புச் சக்கையைக் காகிதபுரத்து ஆலை கூழாக்க விரும்புகின்றது; சர்க்கரை ஆலைகளோ அதனைக் கொதிகலன்களில் எரிக்கின்றன.

இந்நிலையில் நெய்வேலியைச் சூழ்ந்த மிராசுதார்கள் வாழை இலையைத் தனிப் பயிராகவே கருதவேண்டும் என்பது என் அபிப்பிராயம். நகரியத்து உணவுச்சாலைகள் அருகிலேயே இருக்கின்றன. சீக்கிரம் வாடும் சரக்குக்குச் சந்தை சமீபத்தில் இருப்பது பெரும் அனுகூலமாகும்.

குலைக்கென நட்ட வாழையில் கைச்செலவுக்காக இலை அறுப்பது சிக்கனமாகாது. மரத்துக்கு உணவு சமைப்பது இலையே. அதனைக் கழித்தால் குலை சிறுக்கும். ஆகவே பூவன், மொந்தன் முதலிய ரகங்களை இலைக்கென்றே தனிப் பாத்தியில் நடுக.

காற்றில் இலை கிழிந்துவிடுமே எனச் சிலர் ஆட்சேபிப்பர். 2011ஆம் வருஷம் டிசம்பர் 30ந் தேதி தானே புயல் இந்த ஜில்லாவின் வாழை, பலா, முந்திரிகளைச் சாய்த்தது உண்மையே. அத்தகைய புயலை எவ்வேலியும் தடுக்காது. ஆனால் ஆண்டுதோறும் வரும் ஆடிக்காற்றின் வேகத்தை மேற்கு, தெற்கு வரப்புகளில் நெருங்க நட்ட சவுக்கு தணிக்கும். அதன் வேர் வாழையின் நீரைக் கவராதபடி இடையில் ஒரு வாய்க்கால் வெட்டுக. முதிர்ந்த சவுக்கைக் காகித ஆலைகளே கூழுக்காக வாங்குகின்றன.

உலர்ந்த பண்டங்களுக்குப் பனையோலைப் பெட்டி ஏற்றது. பனையை வெட்டுவதற்குக் கலெக்டரின் அனுமதி வேண்டுமென 2021ஆம் வருஷத்தில் சர்க்கார் அறிவித்தது. கிராம அதிகாரிகள் இதனைக் குடிகளுக்கு எடுத்துரைத்து, ஏரிக்கரைகளில் பனை விதைகளை ஊன்றச் செய்வார்களாக.

வரும் பட்டத்தில் ஒவ்வொருவரும் கிணற்றடியில் கால் காணியாவது இலைக்கு ஒதுக்குக. இலை விற்ற வரவையும் குலை விற்ற வரவையும் தனித்தனியே எழுதி, ஆண்டிறுதியில் ஒப்பிட்டுப் பார்த்த பின்னர் மேற்கொண்டு விஸ்தரிக்கலாம்.