கிணற்றிலிருந்து தொடங்கும் வைத்தியம்

நீரிறைக்கும் காற்றாலை நின்றுபோனால் எல்லாரும் அண்ணாந்து இறக்கையைப் பார்ப்பார்கள். பழுது பெரும்பாலும் கிணற்றுக்குள், சிலிண்டரில் இருக்கும். பழைய காற்றாலையைச் சீர்செய்யும் வேலை அதனால் கீழிருந்து மேலே போக வேண்டும்.

தமிழ்நாட்டில் காற்றாலை என்றதும் ஆரல்வாய்மொழியிலும் கயத்தாற்றிலும் மின்சாரம் எடுக்கும் மூன்று இறக்கைக் கோபுரங்கள்தான் இன்று நினைவுக்கு வருகின்றன. நீரிறைப்பது வேறு வகை. சக்கரத்தின் விட்டம் 3 முதல் 5.5 மீட்டர், அதில் 12 முதல் 24 தகடுகள், தாங்குவதற்கு 10 முதல் 20 மீட்டர் உயர இரும்புக் கோபுரம். மணிக்கு 8 அல்லது 10 கிலோமீட்டர் காற்றுக்கே இறைக்கத் தொடங்கிவிடும். காற்றையும் நீர்மட்டத்தையும் பொறுத்து மணிக்கு 1,000 முதல் 8,000 லிட்டர் வரை கிடைக்கும். 1980-களில் அரசுத் திட்டத்தில் நடப்பட்ட 12-பி.யு.-500 வகையின் அளவு அதன் பெயரிலேயே இருக்கிறது: 12 தகடுகள், 500 சென்டிமீட்டர் விட்டம். ஆரோவில்லில் உருவான ஏ.வி.-55 மற்றொன்று. 1984-ல் சிறு விவசாயிகளுக்கும் 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. சுவிட்சைத் தட்டினால் தண்ணீர் கொட்டும்போது, கிரீஸ் டப்பாவோடு கோபுரம் ஏற யாருக்கு மனம் வரும்?

திருக்காட்டுப்பள்ளி போன்ற நெல் பூமியில் இதற்கு என்ன வேலை என்று கேட்கலாம். ஒரு ஏக்கர் வயலில் ஓர் அங்குலம் தண்ணீர் நிறுத்த ஏறத்தாழ 1 லட்சம் லிட்டர் வேண்டும். காற்றாலைக்கு அது கட்டுப்படியாகாது. ஆனால் அந்த ஏக்கருக்கு வேண்டிய 8 சென்ட் நாற்றங்காலுக்கு 8,000 லிட்டர் போதும். பாலக்காட்டுக் கணவாய் வழியாக நுழையும் தென்மேற்குக் காற்று கரூர், திருச்சி தாண்டிக் காவிரியோடு கிழக்கே இறங்கும் காலமும், மேட்டூர் திறக்கும் ஜூன் 12-ஐ ஒட்டிக் குறுவை நாற்று விடும் காலமும் ஒன்றுதான். குடமுருட்டியில் தண்ணீர் எட்டிப் பார்க்கும்வரை நாற்றைக் காப்பாற்றிக் கொடுத்தாலே அது செய்ய வேண்டிய வேலையைச் செய்துவிட்டது. மற்ற நாட்களில் வாழைக்கும் தென்னைக்கும் மாட்டுத் தொட்டிக்கும் இறைக்கலாம்.

முதல் சோதனைக்கு ஒரு வாளியும் எண்ணத் தெரிந்த ஆளும் போதும். 10 சென்டிமீட்டர் உள்விட்டச் சிலிண்டரில் ராடு 20 சென்டிமீட்டர் ஏறி இறங்கினால் ஒரு வீச்சுக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் வர வேண்டும். 20 வீச்சுக்கு 30 லிட்டருக்குப் பதில் 15 லிட்டர்தான் வருகிறதென்றால் வாசர் தேய்ந்திருக்கும். சக்கரம் நின்று மறுபடி சுற்றும்போது தண்ணீர் வர வெகுநேரம் ஆனால் புட்வால்வு ஒழுகுகிறது. ராடு கனமே இல்லாமல் மேலே வந்தால் உள்ளே எங்கோ அறுந்திருக்கிறது. இந்தியா மார்க் 2 கைப்பம்பைப் பிரித்துப் பழகியவருக்கு இவை எதுவும் புதிதல்ல. அந்தக் கைதான் இங்கும் வேண்டும்.

வாசர் என்பது கிண்ணம்போல் வளைந்த தோல். காய்ந்த தோலை அப்படியே மாட்டினால் விளிம்பு மடங்கிக் கிழியும்; எண்ணெயில் ஊறவைத்து, விரலால் அழுத்தினால் வளையும் பதம் வந்தபிறகே மாட்ட வேண்டும். சிலிண்டரின் பித்தளைச் சுவரில் மணல் கீறியிருந்தால் எத்தனை வாசர் மாற்றினாலும் நிற்காது, சிலிண்டரையே மாற்ற வேண்டும். அதற்காகப் பெரிய சிலிண்டராகப் போடுவது தவறு. சுமை கூடினால் சக்கரம் இளங்காற்றில் அசையாது.

அடுத்தது ராடு. அமெரிக்கப் பண்ணைக் காற்றாலைகளில் பம்புக்கும் மேல்தலைக்கும் நடுவே ஒரு மரக்கம்பு உண்டு. சிவப்பு வண்ணம் அடித்திருப்பதால் சிவப்புக் கம்பு என்றே பெயர். பம்பு இறுகிக்கொண்டால் அந்தக் கம்பு முறியும், மேலே கியர் பிழைக்கும். அடிக்கடி முறிகிறதே என்று அந்த இடத்தில் இரும்பு வைப்பவர் கியரைப் பலி கொடுக்கிறார்.

கீழ்வேலை முடிந்தபிறகே மேலே ஏற வேண்டும், அதுவும் காற்றில்லாத விடியற்காலையில். வாலை மடக்கி, பிரேக் போட்டு, சக்கரத்தைக் கோபுரத்தோடு கயிற்றால் கட்டாமல் யாரும் மேடையில் கால் வைக்கக் கூடாது. முன்னதாகக் கோபுரக் கால்களைப் பார்க்க வேண்டும். கான்கிரீட்டிலிருந்து வெளிவரும் இடத்தில்தான் துரு அரிக்கும். தூக்குக்குண்டு கட்டிப் பார்த்துக் கோபுரம் சாய்ந்திருந்தால் நிமிர்த்த வேண்டும், இல்லையென்றால் தலை காற்றுப் பக்கம் திரும்பத் தயங்கும். சக்கரத்தைக் கையால் சுற்றிவிட்டால் எந்த இடத்திலும் நிற்க வேண்டும்; எப்போதும் ஒரே தகடு அடியில் வந்து நின்றால் அந்தப் பக்கம் கனம். கியர் எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால் மழைநீர் இறங்கியிருக்கிறது. வடித்துவிட்டு, மூடியைச் சரிசெய்து, புதிதாக ஊற்ற வேண்டும்.

எல்லாவற்றிலும் உயிர்நாடி வாலின் கீல். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் விசை நான்கு மடங்காகும். அப்போது சக்கரத்தைக் காற்றுக்குப் பக்கவாட்டாகத் திருப்பிக் காப்பது வாலும் அதன் ஸ்பிரிங்கும்தான். கீல் துருப்பிடித்து இறுகினால் ஆடிக்காற்று ஒரே இரவில் தகடுகளைப் பிய்த்து வயலில் எறிந்துவிடும். தகட்டுக்கு வண்ணம் அடிக்கும் பணத்தை முதலில் இந்தக் கீலுக்குச் செலவிட வேண்டும்.

சீர்செய்த காற்றாலையை முதலில் இளங்காற்றில், ஆள் பக்கத்தில் இருக்கும்போது ஓடவிட வேண்டும். புதிய போல்ட்டுகள் ஓட்டத்தில் தளரும். ஒரு வாரம் கழித்து ஏறி எல்லாவற்றையும் மறுபடி முடுக்க வேண்டும். பிறகு ஆண்டுக்கு ஒருமுறை, வைகாசிக்குள், எண்ணெயும் கிரீஸும்.