நிழற்கடையும் நம்பப்படாத சொல்லும்

கணினிக்குள் தோற்ற உலகங்களைச் சிருஷ்டிக்கும் வித்தையை ஆராயும் ஃப்ராவுன்ஹோஃபர் நிலையம் அமைந்த ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட்டை நினைக்குந்தோறும், அதே ஹெஸ்ஸன் மாநிலத்துக் காஸ்ஸல் நகரில், 2006 ஏப்ரல் 6 அன்று தமது இணையக் கடையிலேயே சுட்டுக் கொல்லப்பட்ட 21 வயது ஹலித் யோஸ்காட்டின் நினைவே என் நெஞ்சை நிறைக்கிறது. கொன்றவர்கள் நவ நாஜிகள் என்பது 2011-இல் வெளிப்படும்வரை, அக்கொலைத் தொடரில் பலியானோரின் குடும்பங்களையே காவல்துறை சந்தேகித்தது. இன்னொரு பலி வேண்டாமென்று அக்குடும்பத்தினர் 2006 மே மாதத்திலேயே வீதியில் இறங்கிக் கதறியதைச் செவிமடுத்தாரில்லை. 2017-இல் லண்டனின் ஃபோரென்சிக் ஆர்க்கிடெக்சர் குழுவினர் ஹலித்தின் அந்த 77 சதுர மீட்டர் கடையைக் கணினியில் மீளக் கட்டி, வெடியோசையும் மருந்து நெடியும் பரவும் விதத்தைக் கணித்து, கொலையின்போது அங்கிருந்த உளவுத்துறை அலுவலர் ஒன்றும் அறியேன் என்றது நம்பத்தக்கதன்று எனக் கண்டனர். மகத்தான பணிதான், எனினும் அந்த நிழற்கடைக்குக் கிட்டிய செவி, மகனை இழந்த தந்தையின் சொல்லுக்கன்றோ முதலில் கிட்டியிருக்க வேண்டும்!